சிறுவர் உதைபந்தாட்டமும் நடுவரின் ஊதுகுழலும்

கோப்பையை வென்ற கட்சியின் பெயரைக் கோப்பையிலேயே பொறித்து வைக்கிறோம். கோல் போட்ட பையனின் பெயரை ஒரு வாரம் தெருவெல்லாம் பேசுகிறோம். ஆனால் அந்த ஆட்டத்தை ஒழுங்காக நடத்திக் கொடுத்த நடுவர் யார் என்று கேட்டால் விடை சொல்வார் இல்லை. அவருடைய பெயர் எவர் நினைவிலேனும் நிற்குமாயின், அது பெரும்பாலும் வசை பாடுவதற்காகவே நிற்கும். உதைபந்தாட்டத்தின் வரலாற்றை எழுதினோரும் ஆட்டக்காரரையே பெரிதும் போற்றினர், நடுவரை மறந்தனர். ஆகவே இம்மலரில் நடுவரின் வரலாற்றை, அதிலும் சிறப்பாகச் சிறுவர் பந்தயங்களில் ஊதுகுழல் ஏந்தி நிற்பவரின் பெருமையை, நம் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம். அதற்கு ஒரு காரணமும் உண்டு. அதனை இறுதியில் கூறுவோம்.

உதைபந்தாட்டம் நம் பகுதிக்குப் பட்டாளத்தோடு வந்தது. 1806-ம் ஆண்டில் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்தராபாத் படைநகர் அமைந்தது. அதற்கு வடக்கே போலாரத்தில் ஐதராபாத் கண்டிஞ்ஜெண்ட் என்னும் படை தங்கியிருந்தது. சென்னை மாகாணத்துப் பட்டாளங்களோடும், அவற்றுக்குச் சரக்கு அளித்த வணிகரோடும், பின்னர் ரயில்வே உத்தியோகத்தோடும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே வந்து குடியேறின. செகந்தராபாத்திலிருந்து நம் ஊருக்கு ரயிலில் வருவோர் அம்முகூடா, கேவல்ரி பாரக்ஸ், அல்வால், போலாரம் பஜார், போலாரம் என்று நிலையப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தாலே போதும். குதிரைப் படையும் கடைத்தெருவும் கலந்த பழைய வரலாறு கண்முன் தோன்றும். பட்டாளத்து மைதானங்களில் சிப்பாய்கள் ஆடிய ஆட்டத்தை ஓரத்தில் நின்று கண்ட சிறுவர், துணிப்பந்தும் வெறுங்காலுமாகத் தாமும் ஆடத் தொடங்கினர். பந்து எளிதில் வந்தது. ஆனால் பந்தோடு விதியும், விதியோடு நடுவரும் வருவதற்குச் சிறிது காலம் பிடித்தது. இது நம் நாட்டில் மட்டுமன்று. உதைபந்தாட்டம் பிறந்த இங்கிலாந்திலும் அப்படியே.

1863-ம் ஆண்டில் லண்டனில் உதைபந்தாட்டச் சங்கம் தோன்றி முதல் விதிகளை வகுத்தபோது, அவ்விதிகளில் நடுவர் என்ற சொல்லே இல்லை. ஆடுவோர் அனைவரும் கனவான்கள். கனவான் வேண்டுமென்றே தவறிழைக்க மாட்டான். தவறு நேர்ந்தால் இரு தலைவர்களும் பேசித் தீர்த்துக் கொள்வர் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை வெகு நாள் நிலைக்கவில்லை. பிறகு கட்சிக்கு ஒருவராக இரண்டு 'அம்பயர்'கள் வந்தனர். ஆட்டக்காரர் முறையிட்டாலன்றி அவர்கள் வாய் திறப்பதில்லை. ஒவ்வோர் அம்பயரும் தத்தம் கட்சிக்குச் சாதகமாகவே கண்டமையால், இருவருக்கும் இணக்கம் ஏற்படாதபோது தீர்ப்புச் சொல்வதற்கென்று மூன்றாமவர் ஒருவரை மைதானத்துக்கு வெளியே நிறுத்தினர். யாரிடம் வழக்கை எடுத்துச் சென்றார்களோ அவரே 'ரெப்ரி' எனப்பட்டார். இப்பெயரின் பொருளே வழக்கை ஒப்படைக்கப் பெற்றவர் என்பதாகும். 1878-ம் ஆண்டில் நாட்டிங்ஹாம் நகரில் நடந்த ஓர் ஆட்டத்தில்தான் ஊதுகுழல் முதன்முதல் ஒலித்தது என்பர். அதற்கு முன் கைக்குட்டையை வீசியே சைகை காட்டினர்.

1891-ம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டில் இரண்டு மாறுதல்கள் நேர்ந்தன. மைதானத்துக்கு வெளியே நின்ற ரெப்ரி உள்ளே அழைக்கப்பட்டார். அம்பயர்கள் இருவரும் கொடியேந்திக் கோட்டருகே நிற்கும் துணைவராயினர். மற்றொன்று, பெனால்டி உதை விதியாயிற்று. அயர்லாந்துக் கோல் காப்பாளரான வில்லியம் மெக்ரம் என்பவர் எழுப்பிய யோசனை அது. கோல் வாயிலில் வேண்டுமென்றே எதிரியைத் தள்ளுவோரும் கையால் பந்தைத் தடுப்போரும் உண்டு என்பதை விதியே ஒப்புக்கொள்வதா என்று கனவான்கள் மனம் நொந்தனர். ஆயினும் உண்மை வென்றது. மனிதர் எல்லாரும் நல்லவர் என்று எண்ணிக்கொண்டு ஆட்டம் நடத்துவதைவிட, அவர்கள் தவறக்கூடியவர் என்று அறிந்து, கட்சி சாராத ஒருவரை நடுவில் நிறுத்துவதே நன்று என்ற முடிவுக்கு உலகம் வருவதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின.

தமிழராகிய நமக்கு இம்முடிவு புதியதன்று. திருவள்ளுவர் 'நடுவு நிலைமை' என்றே ஓர் அதிகாரம் வகுத்து, ஒருபாற் கோடாத துலாக்கோலைச் சான்றோர்க்கு உவமை கூறிச் சென்றார். 'ரெப்ரி' என்ற சொல்லுக்கு நாம் 'நடுவர்' என்ற சொல்லை வழங்கிய அன்றே, அந்த அதிகாரத்தின் பொறுப்பு முழுவதையும் அவர் தலையில் ஏற்றிவிட்டோம். ஆங்கிலப் பெயர் வழக்கைக் கேட்பவரைக் குறிக்கிறது. தமிழ்ப் பெயரோ சாயாமல் நிற்பவரைக் குறிக்கிறது. இவ்வேற்றுமை சிந்திக்கத் தக்கது.

பல மொழி வழங்கும் ஊரில் நடுவரின் வேலை இன்னும் கடினம். இதற்கும் உலக வரலாற்றில் ஓர் உதாரணம் உண்டு. 1966-ம் ஆண்டில் லண்டனில் நடந்த உலகக் கோப்பை ஆட்டமொன்றில் இங்கிலாந்தும் அர்ஜெண்டினாவும் மோதின. நடுவரோ ஜெர்மானியர். அவர் அர்ஜெண்டினாத் தலைவரை வெளியேறச் சொன்னார். மொழி விளங்காமல் பல நிமிடங்கள் ஆட்டம் நின்றுபோயிற்று. அப்போது நடுவர்களுக்குப் பொறுப்பாளராக இருந்த கென் ஆஸ்டன் என்பவர் பள்ளி ஆசிரியர். அவர் காரில் வீடு திரும்பும் வழியில், சாலைச் சந்தியின் மஞ்சள் விளக்கையும் சிவப்பு விளக்கையும் கண்டு, மொழி வேண்டாத எச்சரிக்கையாக இரு வண்ணச் சீட்டுகளைப் பயன்படுத்தலாம் என்று எண்ணினார். 1970-ம் ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பையில் அவை நடைமுறைக்கு வந்தன. கார்டின் பச்சைக் கொடிக்கும் சிவப்பு விளக்குக்கும் பழகிய ரயில்வே குடும்பத்தார்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். தெலுங்கும் உருதும் தமிழும் இந்தியும் ஒரே மைதானத்தில் ஒலிக்கும் நம் போலாரத்தில், எல்லாச் சிறுவர்க்கும் ஒருங்கே விளங்கும் மொழி ஊதுகுழலின் மொழி ஒன்றே.

இனி நம் ஐதராபாத்தின் பெருமைக்கு வருவோம். 1950-ம் ஆண்டு முதல் 1954-ம் ஆண்டு வரை, ஐந்தாண்டுகள் தொடர்ந்து பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது ஐதராபாத் நகரப் போலீஸ் குழு. அதனைப் பயிற்றியவர் சையத் அப்துல் ரஹீம். 1909-ல் பிறந்த இப்பெரியார் தொழிலால் பள்ளி ஆசிரியர். ஐதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளராகவும் நெடுங்காலம் விளங்கினார். அவர் பயிற்றிய இந்தியக் குழு 1951-ல் டில்லியிலும் 1962-ல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுப் பொற்பதக்கம் பெற்றது. 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1963-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் காலமானார். நம் நாட்டு உதைபந்தாட்டத்தில் அவர்க்கு இணையான ஆசான் இன்றளவும் தோன்றவில்லை என்று கூறுவோர் பலர்.

அவர் இவ்வளவு உயர்ந்ததன் இரகசியம் யாது? பெரியவர்களைப் பயிற்றியது ஒரு பாதி. சிறுவர்க்குத் தக்க பந்தயங்களை அமைத்தது மறு பாதி. பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு தனியே ஓடும் ஆசை எல்லாச் சிறுவர்க்கும் உண்டு. அதனை மாற்றுவதற்காக, பந்தை ஓட்டிச் செல்லாமல் உடனே தோழனுக்குத் தள்ளியே ஆடவேண்டும் என்ற விதியோடு பந்தயங்கள் நடத்தினார். வலக்கால் பழகியவன் இடக்காலாலும், இடக்கால் பழகியவன் வலக்காலாலும் ஆடவேண்டும் என்ற விதியோடும் பந்தயங்கள் வைத்தார். ஜகார்த்தாவில் பொற்பதக்கம் வென்ற விரைவான ஆட்டத்துக்கு இத்தகைய பழக்கமே வித்து.

இங்கே ஓர் உண்மையை வாசகர் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். இத்தகைய விதிகளை ஏட்டில் எழுதுவது எளிது. மைதானத்தில் காப்பது அரிது. ஒரு பையன் பந்தை நிறுத்தித் திருப்பியது முறையா, ஓட்டிச் சென்றது குற்றமா என்று நொடிப்பொழுதில் முடிவு செய்ய வேண்டும். எந்தக் கால் எவனுக்குப் பழகிய கால் என்று தெரிந்திருக்க வேண்டும். பழக்கமான காலால் போட்ட அழகிய கோலை, கூட்டம் ஆரவாரிக்கும்போதே, இல்லை என்று சொல்லும் துணிவு வேண்டும். இவை அனைத்தும் நடுவரின் வேலை. நடுவர் தளர்ந்தால் அப்பந்தயம் சாதாரண ஆட்டமாகிவிடும், பாடம் போய்விடும். ஆகவே ரஹீம் அவர்களின் திட்டத்தில் ஊதுகுழல் ஏந்தியவர் வெறும் காவலர் அல்லர்; இரண்டாவது ஆசிரியர் என்பதே நம் கருத்து.

அந்தக் காலத்து ஐதராபாத் மைதானங்களில் வளர்ந்தவருள் நம்மவர் இருவரை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. துளசிதாஸ் பலராம், நமக்கு அடுத்துள்ள அம்முகூடாவில் 1936-ல் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்தவர். ஏழ்மையான குடும்பம். பயிற்சிக்கு நகரம் சென்றுவர மிதிவண்டி வாடகைக்கும் பணமில்லாதிருந்தபோது ரஹீம் அவர்களே அதற்கு உதவினார் என்பர். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஆகிய இரு ஒலிம்பிக்குகளில் ஆடினார். ரோமாபுரியில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் கோல் போட்டார். பின்னர் கல்கத்தாவில் பி.என்.ஆர். என்னும் ரயில்வே குழுவிலும் ஆடினார் என்பது ரயில்வே குடும்பங்களாகிய நமக்குத் தனிப் பெருமை. 2023-ம் ஆண்டு பிப்ரவரியில் அவர் மறைந்தார். மற்றவர் பீட்டர் தங்கராஜ். 1935-ல் ஐதராபாத்தில் பிறந்து, செகந்தராபாத்தின் குழுக்களில் ஆடி, பின் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, ஆசியாவின் சிறந்த கோல் காப்பாளர் என்று போற்றப்பட்டவர். 1962-ல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2–1 என்று வென்ற இறுதி ஆட்டத்தில் இவ்விருவரும் ஆடினர். அன்று மைதானம் நிறைந்த கூட்டம் இந்தியாவுக்கு எதிராகவே கூச்சலிட்டது; நம்மவர் தம் ஆட்டத்தை ஆடி வென்றனர். கூச்சலுக்கு அசையாமல் விதிப்படி ஆடும் மனத்திண்மை, சிறு வயதில் நடுவரின் தீர்ப்புக்குத் தலைவணங்கிப் பழகியவர்க்கே எளிதில் வாய்க்கும்.

ரஹீம் அவர்களின் புதல்வர் சையத் ஷாஹித் ஹக்கீம், தந்தை வகுத்த நெறியின் மற்றொரு கிளை. ரோம் ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்றார். விமானப்படையில் அதிகாரியாக விளங்கினார். பின்னர் ஃபிபா நடுவர் சின்னம் பெற்று ஆசியப் போட்டிகளில் ஊதுகுழல் ஏந்தினார். 2017-ல் தியான் சந்த் விருது பெற்றார், 2021-ல் மறைந்தார். ஒலிம்பிக் குழுவில் இருந்தவர் நடுவராக மாறியதைத் தாழ்வாகக் கருதவில்லை என்பதை நம் இளைஞர் கவனிக்கவேண்டும். தமிழகமும் இத்துறையில் பின்தங்கவில்லை. கோமலீஸ்வரன் சங்கர் 2002-ம் ஆண்டு கொரியா–ஜப்பான் உலகக் கோப்பையில் துணை நடுவராகப் பணியாற்றினார். இந்தியக் குழு இன்றுவரை உலகக் கோப்பையில் ஓர் ஆட்டமும் ஆடியதில்லை. ஆனால் ஒரு தமிழர் அங்கே கொடியேந்தி நின்றார். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி 2016-ல் ஃபிபா நடுவர் பட்டியலில் இடம்பெற்றார். அதே ஆண்டில் கோவாவைச் சேர்ந்த உவேனா பெர்னாண்டஸ், ஜோர்டானில் நடந்த 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் துணை நடுவராயிருந்தார். நம் பெண்மக்களுக்கும் இவ்வழி திறந்தே உள்ளது.

சிறுவர் பந்தயத்தைப் பெரியவர் பந்தயத்தின் சிறு உருவம் என்று எண்ணுவது தவறு. பெரியவர் ஆடும் கோல் 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ளது. பத்து வயதுப் பையனை அதன் முன் நிறுத்தினால், தலைக்கு மேல் போகும் பந்துக்கு அவன் என்ன செய்வான்? பெரியவர் பந்து 410 முதல் 450 கிராம் எடையுள்ளது. சிறுவர்க்கு அது கனம். ஆகவே மைதானத்தின் அளவு, கோலின் அளவு, பந்தின் எடை, ஆட்ட நேரம், மாற்று ஆட்டக்காரர் எண்ணிக்கை ஆகியவற்றைச் சிறுவர்க்கேற்ப மாற்றிக்கொள்ள உலக விதிகளே இடம் கொடுக்கின்றன. தவறு செய்த பையனை ஆட்டத்திலிருந்து அறவே விலக்காமல், சில நிமிடங்கள் மட்டும் வெளியே அமர்த்தித் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும் 2017 முதல் அனுமதி உண்டு. தண்டனையைத் திருத்தமாக மாற்றும் நல்ல ஏற்பாடு இது.

வயதுத் தகராறோ சிறுவர் பந்தயத்தின் தீராத நோய். 1960-ல் விமானப்படையினர் பள்ளிகளுக்கெனத் தொடங்கிய சுப்ரதோ கோப்பை போன்ற பெரும் பந்தயங்களிலும் இச்சிக்கல் எழுந்ததுண்டு. ஃபிபா 2009 முதல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மணிக்கட்டு எலும்பை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்க்கிறது. நம் காலனிப் பந்தயத்துக்கு அவ்வளவு வேண்டியதில்லை. ஆயினும் பிறப்புச் சான்றிதழைப் பார்ப்பது பந்தயக் குழுவின் கடமை. அதனைச் செய்யாமல் விட்டு, ஆட்டத்தின் நடுவே மீசை முளைத்த பையனைக் காட்டி நடுவரிடம் சண்டைக்குப் போவது முறையன்று.

நடுவர்க்கு எதிரான கோபம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் வரலாறு சான்று கூறுகிறது. 1964-ம் ஆண்டு மே மாதம் பெரு நாட்டின் லிமா நகரில், நடுவர் ஒரு கோலை ஏற்க மறுத்ததால் எழுந்த கலவரத்திலும் நெரிசலிலும் முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அது பெரியவர் ஆட்டம் என்று சொல்லி ஆறுதல் அடைய முடியாது. 2012-ம் ஆண்டு டிசம்பரில் ஹாலந்து தேசத்து அல்மேரே நகரில், தம் மகன் ஆடிய சிறுவர் ஆட்டத்துக்குச் சம்பளமின்றிக் கொடி பிடிக்க முன்வந்த ஒரு தந்தையை, எதிர்க்கட்சிப் பையன்கள் அடித்தனர்; மறுநாள் அவர் உயிர் துறந்தார். ஆறு சிறுவரும், அவர்களுள் ஒருவனின் தந்தையும் தண்டனை பெற்றனர். அத்தந்தையின் பெயரும் அப்பட்டியலில் இருந்தது என்பதே நம்மை நடுங்கச் செய்கிறது. 2023-ல் இங்கிலாந்தில் உள்ளூர் ஆட்டங்களின் நடுவர்கள், தம்மைக் காத்துக்கொள்ள மார்பில் சிறு காமிரா அணிந்து ஆட்டம் நடத்தும் சோதனை தொடங்கிற்று. ஆட்டத்தை உலகுக்கு அளித்த நாட்டிலேயே இந்நிலை.

நம் போலாரம் அத்தகைய நிலைக்குப் போகாது என்பது உறுதி. ஆனால் சிறு பொறியும் பொறிதான். இப்போது முதலில் குறிப்பிட்ட காரணத்தைக் கூறுகிறோம். விடுமுறைப் பந்தயமொன்றில் நம் தமிழ்க் குடும்பத்துக் கல்லூரி மாணவன் ஒருவன் நடுவராக நின்றான். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் நம் பையன் ஒருவன் பெனால்டிக் கட்டத்துக்குள் எதிரியின் காலைத் தட்டிவிட்டான். இளைஞன் தயங்காது ஊதுகுழலை ஊதிப் பெனால்டி கொடுத்தான். கோல் விழுந்தது, நம் பையன்கள் தோற்றனர். ஆட்டம் முடிந்ததும் நம் பெரியவர் சிலர் அவனைச் சூழ்ந்துகொண்டு, "நம்ம பையனாயிருந்தும் இப்படிச் செய்யலாமா, தம்பி? நீ எந்தக் கட்சி?" என்று கேட்டனர். அவன் ஒன்றும் பேசாமல் ஊதுகுழலைப் பந்தயக் குழுவின் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் வரவில்லை. அதன்பின் யாரும் முன்வராமையால் மீதி ஆட்டங்களை நடத்தப் பந்தயக் குழு பெரிதும் திண்டாடியது.

"நீ எந்தக் கட்சி?" என்ற அக்கேள்விக்கு விடை கூறுவது நம் கடமை. அவன் எந்தக் கட்சியும் அல்லன். அதனாலேயே அவனுக்கு நடுவர் என்று பெயர். பிற மொழியினர் நடுவே வாழும் நமக்கு இது உயிர்நிலையான செய்தி. நம் சிறுபான்மைக்கு நீதி வேண்டும் என்று அலுவலகத்திலும் பள்ளியிலும் கோருகின்ற நாம், நம் கையில் தராசு வரும்போது அதனை நம் பக்கம் சாய்க்கச் சொல்வது எவ்வாறு பொருந்தும்? நம் பிள்ளைக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன தமிழ் இளைஞனைக் கண்டு அன்று பிற மொழிச் சிறுவர் கற்றது யாதெனில், தமிழன் ஊதுகுழல் ஏந்தினால் வஞ்சம் இராது என்பதே. அந்த நற்பெயர் எந்தக் கோப்பைக்கும் குறைந்ததன்று.

எனவே நம் சங்கத்தாரின் பார்வைக்குச் சில யோசனைகளை வைக்கிறோம். பந்தயம் தொடங்குமுன் விதிகளை எல்லாச் சிறுவர்க்கும் படித்துக் காட்டுக. நடுவரோடு பேசும் உரிமை கட்சித் தலைவனுக்கு மட்டுமே என்று அறிவிக்க. 2024-ல் ஐரோப்பியக் கோப்பையிலேயே இம்முறையைக் கையாண்டனர். பார்வையாளர் நிற்பதற்குக் கோட்டிலிருந்து இரண்டு கஜம் தள்ளிக் கயிறு கட்டுக. முறையீடு இருந்தால் எழுத்தில் கொடுக்கட்டும். மறுநாள் குழு கூடி ஆராயட்டும். ஆட்டக்காரரைப் போலவே நடுவர்க்கும் தேநீரும், வழிச்செலவும், மேடையில் ஒரு மாலையும் அளிக்க. எல்லாவற்றுக்கும் மேலாக, பதினான்கு வயது நிரம்பிய பிள்ளைகளுள் ஆட்டத்தில் பெரிதும் சோபிக்காதவரையும் விட்டுவிடாமல், சிறு குழந்தைகளின் ஆட்டங்களுக்குக் கொடி பிடிக்கப் பழக்குக. அவர்களுள் ஆர்வமுள்ளவர் பிற்காலத்தில் மாநிலச் சங்கம் நடத்தும் நடுவர் தேர்வு எழுதலாம்.

வீட்டுக்கு ஒரு கோல் வீரன் பிறப்பது அரிது. ஆனால் தெருவுக்கு ஒரு நடுவனை உருவாக்குவது நம்மால் இயலும். அடுத்த விடுமுறைப் பந்தயத்துக்கு முன்னர், அந்த மாணவனின் வீட்டுக்குச் சங்கத்துப் பெரியவர்கள் நேரே சென்று, அவன் வைத்துவிட்டுப் போன ஊதுகுழலை அவன் கையிலேயே திரும்பக் கொடுத்து அழைத்து வரவேண்டும் என்பது நம் வேண்டுகோள். அவன் மீண்டும் மைதானத்தில் இறங்கும் நாளில், வென்றவர்க்கு முன்னதாக அவனுக்குக் கைதட்டுவோமாக.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!